மனமே இளவரசியும் அவளை விசாரித்தோரும்

எதிரிவீர சரச்சந்திர ஆக்கிய ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. பேராதனைப் பல்கலைக்கழகச் சிங்கள நாடகக் குழுவினரே அதனைத் தயாரித்தனர். பின்னர் பேராதனைக் குன்றின் சரிவிலமைந்த திறந்தவெளி அரங்கிலே தலைமுறை தலைமுறையாக மாணவர் அதனைக் கண்டு வந்துள்ளனர். இன்று அவ்வரங்கு சரச்சந்திரரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இந்நாடகத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுட் பல ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்கின்றன. இளவரசி வேடர் தலைவனிடம் வாளை வேண்டுமென்றே கொடுத்தாளா, அன்றி அவள் தடுமாறிய கணத்தில் அவன் அதனைப் பறித்துக்கொண்டானா? நாடகத்தைக் காட்டிலும் இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். பழங்கதையொன்று புதுக்கப்படும்போது சுவைஞர் எதைக் கேட்கின்றனர், எதைக் கேளாது விடுகின்றனர் என்பது அவர்கள் வாழும் சமுதாயத்தை நமக்குக் காட்டித் தருவது.

கதையின் மூலம் 374ஆம் சாதகக் கதையாகிய சுல்லதனுக்கக சாதகம். தக்கசீலத்து ஆசான் தன் தலைமாணாக்கனுக்குத் தன் மகளை மணஞ்செய்து கொடுக்கின்றான். வில்வித்தையில் வல்ல அவ்விளைஞன் மனைவியுடன் காட்டு வழியே செல்கையில் 50 கள்வர் எதிர்ப்படுகின்றனர். 49 பேர் அம்புக்கு இரையாகின்றனர். அம்பு தீர்ந்தபின் கள்வர் தலைவனை மற்போரில் வீழ்த்தி, வாளைத் தருமாறு மனைவியைக் கேட்கின்றான். அவளோ கள்வன் மீது காமுற்று, வாளின் பிடியை அவன் கையிலும் அலகைக் கணவன் பக்கத்திலும் நீட்டுகின்றாள். கணவன் மாள்கின்றான். இவ்வாறு ஒருவனைக் கொல்வித்தவள் நாளை என்னையும் கொல்விப்பாள் எனக் கருதிய கள்வன், ஆற்றங்கரையில் அவளுடைய அணிகலன்களைக் கவர்ந்துகொண்டு அக்கரை சேர்ந்து மறைகின்றான். அப்பொழுது இந்திரனாகிய சக்கன் நரியுருவில் வருகின்றான். வாயிலிருந்த இறைச்சியை விட்டு மீனுக்குப் பாய்ந்து இரண்டையும் இழக்கும் நரியைக் கண்டு அவள் நகைக்கின்றாள். கணவனையும் கள்ளக் காதலனையும் ஒருங்கே இழந்த நீயா நகைப்பது என்று நரி அவளை இடித்துரைக்கின்றது.

இக்கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்பதைச் சாதகத்தின் முன்னுரையே கூறிவிடுகின்றது. துறவு பூண்டபின்னும் முன்னாள் மனைவியின் நினைவால் அலைக்கழிந்த பிக்கு ஒருவனுக்கே புத்தர் இதனைக் கூறினார் என்பது மரபு. கொலையுண்ட வில்லாளி அப்பிக்குவின் முற்பிறப்பு. வாளை நீட்டியவள் அந்த முன்னாள் மனைவி. நரியாக வந்து இடித்துரைத்த சக்கனே போதிசத்துவர். ஆகவே கதையின் அறத்தைத் தீர்மானிப்பவன் அதன் முதற் கேட்போனாகிய ஆண் துறவி. பெண்ணின் இச்சை ஈண்டு ஆராயப்படும் பொருளன்று. துறவியை மடத்தினுள் நிறுத்துதற்கு வேண்டிய அச்சுறுத்தல் மட்டுமே. மடத்துக்கு மானிய நிலம் உண்டு; அந்நிலத்தை உழும் குடியானவர் உண்டு; அவரை மடத்தோடு பிணைக்கும் பொதுமொழியாகச் சாதகக் கதைகள் விளங்கின. குருநாகல் காலத்தில், 14ஆம் நூற்றாண்டிலே, சாதகங்கள் சிங்கள உரைநடையாக்கப்பட்டதும், 18ஆம் நூற்றாண்டில் கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ போன்ற குகை விகாரைகளின் சுவர்களில் அவை வண்ணத்திலே தீட்டப்பட்டதும் இத்தொடர்பிலேயே நோக்கப்படவேண்டியவை. எழுத்தறியாத கண்டிக் கிராமத்துப் பெண் பூத்தட்டுடன் விகாரைக்குச் சென்று சுவரில் கண்டது தன் போன்றோரைப் பற்றிய தீர்ப்பையுமாகும்.

சரச்சந்திரர் செய்த மாற்றங்களுள் முதன்மையானது எது? வாள் பறிபோகும் கணத்தையே பலரும் சுட்டுவர். நாடகத்தில் வேடர் தலைவன் தன் ஆட்களை விலக்கித் தனித்து நின்று போரிட்டவன். அத்தகையவனைக் கொல்லுதல் முறையோ என இளவரசி கணவனிடம் இரந்து நிற்கின்றாள். இளவரசன் திகைத்த அக்கணத்தில் வாள் மாற்றான் கைக்குப் போகின்றது. யப்பானுக்குச் சென்று நோ, கபுக்கி அரங்குகளைக் கண்டு திரும்பியவரும், குரோசவாவின் ‘றஷோமொன்’ திரைப்படத்தை அறிந்தவருமான ஆசிரியர், ஒரே நிகழ்ச்சியைப் பல கோணங்களில் நோக்க இடமளித்தார் என்பது பொதுவான விளக்கம். அது சரியே. ஆயின் அதனினும் பெரிய மாற்றம் நரியின் நீக்கமாகும். நரியும் மீனும் பறவையும் இந்நாடகத்தில் இல்லை. நரியை நீக்கியபோது போதிசத்துவரும் கதையினின்று நீங்கிவிடுகின்றார். தீர்ப்புரைப்பவர் அகன்றமையால், மடத்துப் போதனையாய் இருந்த கதை சபையோர் முன்னிலையில் திறந்த வழக்காகிவிட்டது. 1956இல் இது சிறு துணிவன்று. புத்த ஜெயந்தியின் 2500ஆம் ஆண்டு நிறைவு நாடெங்கும் கொண்டாடப்பட்ட ஆண்டு அது.

ஆயினும் எதிர்ப்புப் புயல் எதுவும் வீசவில்லை. மாட்டின் விக்கிரமசிங்க 1973இல் ‘பவதரணய’ நாவலிலே சித்தார்த்தரை அற்புதங்கள் களைந்த மனிதராகச் சித்திரித்தபோது எழுந்த கண்டனத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும். அந்நாவல் புத்தரையே மனிதராக்கியது. ஆதலின் சமய அதிகாரம் சினந்தெழுந்தது. ‘மனமே’யிலோ போதிசத்துவர் சந்தடியின்றி அகற்றப்பட்டார், மேடையில் எஞ்சி நின்றவள் ஒரு பெண். அவளை விசாரிக்கும் பொறுப்பைச் சுவைஞரே மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டனர். நரியின் ஆசனம் வெறுமையாகக் கிடக்கவில்லை.

இளமையில் சமசமாஜ இயக்கத்தோடு தொடர்புற்றிருந்த விமரிசகர் றெஜி சிறிவர்த்தன போன்றோர் நாடகத்தை உடனேயே வியந்து வரவேற்றனர். அவ்வரவேற்பு தகுதியானதே. பார்சி அரங்கின் ஆரவாரத்திலும் மேனாட்டு நாடகத் தழுவல்களிலும் அலைந்த சிங்கள மேடைக்கு இது புதிய இலக்கணத்தை வகுத்துத் தந்தது. ஆனால் தாராளவாத விமரிசனம் இதற்கு அப்பால் சென்று, மனித மனத்தின் புதிரையே நாடகத்தின் சாரமெனக் கொண்டது. மனம் ஒரு புதிர் என்று கூறிவிட்டால் அம்மனம் எத்தகைய உடைமை உறவுகளுக்குள் அடைபட்டுக் கிடந்தது என்பதை ஆராய வேண்டியதில்லை. ஆங்கிலக் கல்வியால் உருவான நடுத்தர வர்க்கத்திற்கு இது உவப்பான விளக்கமாயிருந்ததில் வியப்பில்லை. மறுபுறத்தில் நம் அணியினர் சிலர், மன்னரையும் இளவரசியரையும் மேடையேற்றுதல் நிலமானியச் சமுதாயத்துக்குத் திரும்பும் தப்பித்தலே என்று ஒதுக்கினர். இவர்கள் நாடகத்தின் பாத்திரங்களுக்கு வர்க்க முத்திரை குத்தினரேயன்றி, அவற்றிடையேயுள்ள உறவுகளை நோக்கினாரல்லர்.

அவ்வுறவுகளை நோக்குவோமாயின் முதலிற் புலப்படுவது, இப்பெண் ஒரு பரிசுப் பொருள் என்பது. கல்வியில் வென்ற மாணாக்கனுக்கு ஆசான் அவளைக் கொடுக்கின்றான். காட்டில் வேடர் தலைவன் அவளைக் கேட்கின்றான். போரில் வென்றவனுக்கு உரியவளாகின்றாள். ஈற்றில் அவனாலும் துறக்கப்படுகின்றாள். கொடுப்பதும் கேட்பதும் வெல்வதும் துறப்பதும் ஆடவர் வினைகள். நாடகம் முழுவதிலும் அவள் தானாகச் செய்யும் பொதுச் செயல் ஒன்றே: போர் நீதியைப் பற்றி வாய் திறப்பது. அதற்காகவே அவள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றாள். கொடுத்தாளா, நழுவவிட்டாளா என்ற ஆராய்ச்சி அவளுடைய இச்சையை அளப்பதற்கன்றி, அவளுடைய நியாயத்தை எடைபோடுவதற்கு ஒருபோதும் பயன்பட்டதில்லை.

தமிழிலும் இதே விசாரணை நெடுங்காலம் நடைபெற்றுள்ளது. வான்மீகியின் அகலிகை வந்தவன் இந்திரன் என அறிந்தே இசைகின்றாள். அங்கு அவள் கல்லாவதில்லை, காற்றை உண்டு சாம்பலிற் கிடந்து யார் கண்ணுக்கும் புலனாகாது வாழ்கின்றாள். கம்பரிடத்தில் அவள் இடையில் உணர்ந்தும் விலக்காதவள், கல்லாகின்றாள். அறிந்தாளா, அறியாளா என்பதே எங்கும் கேள்வி. புதுமைப்பித்தன் 1943இல் ‘கலைமக’ளில் எழுதிய ‘சாப விமோசனம்’ இக்கேள்வியைக் கைவிட்டு இராமன் பக்கம் திரும்பியது. தன்னை மீட்டவனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகின்றாள். இராமாயணப் பரிச்சயமுடையோருக்குக் கதை பிடிக்காதிருக்கலாம், அதனைத் தாம் பொருட்படுத்தவில்லை என்று ஆசிரியர் முன்கூட்டியே அறிவித்தமை, சுவைஞர் யார் என்பதை அவர் நன்கறிந்திருந்தார் என்பதற்குச் சான்று. சரச்சந்திரர் இந்த எல்லைக்குச் செல்லவில்லை. நீதிபதியை அகற்றினாரேயன்றி, வழக்கை இளவரசன்மீதோ மகளைப் பரிசாக்கிய ஆசான்மீதோ திருப்பினாரல்லர். அவருடைய கலை புதுமைப்பித்தனுடையதிலும் செம்மையானது என்று ஒருவர் வாதிடலாம். அவருடைய துணிவு குறைவானது.

இன்னொரு மௌனமும் உண்டு. சாதகத்திலே கள்வனாயிருந்தவன் மேடையில் வேடர் தலைவனாக, காட்டுக்கு உரியவனாக நிற்கின்றான். அவன் நிலத்தினுள் நுழைந்தவர்கள் இளவரசனும் இளவரசியும். கண்டிச் சீமையில் வாழ்ந்த எவருக்கும் இது வெறும் கதையாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரிய நிலமாகக் கொண்டது. அந்நிலத்திலேயே கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்ந்தன. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து எம் மக்கள் கொணரப்பட்டனர். காடு யாருடையது என்னும் வினா பேராதனை அரங்கின் பின்னணியாக நிற்கும் மலைகளிலேயே எழுதப்பட்டிருந்தது. எனினும் விவாதம் படுக்கையறையை விட்டு வெளியேறவில்லை. கற்பைப் பற்றிப் பேசும் சமுதாயம் நிலத்தைப் பற்றிப் பேசாதிருப்பதற்கு அதனை ஒரு வழியாகக் கொள்கின்றது என்பது இங்கு துலக்கமாகத் தெரிகின்றது.

தமிழ்ச் சுவைஞர் ‘மனமே’யை எதிர்கொண்ட விதம் வேறு. தனிச் சிங்களச் சட்டம் 1956 யூனில் நிறைவேறியது. நாடகம் நவம்பரில் வந்தது. தேசிய மறுமலர்ச்சியின் அரங்கு எனப் போற்றப்பட்ட இந்நாடகத்தின் வடிவமாகிய நாடகம, தமிழ்க் கத்தோலிக்கக் கூத்து மரபினின்று கரையோரச் சிங்கள மக்களிடம் சென்று வளர்ந்தது. இதனைச் சரச்சந்திரரே தம் ஆய்வுகளில் மறையாது எடுத்துரைத்தார். அறிஞர் அறிந்த உண்மை ஆட்சியாளருக்கு உதவவில்லை. ஈராண்டுள் 1958இன் வன்செயல்கள் நிகழ்ந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இருந்துகொண்டே, மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டில் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’ எனப் பல்கலைக்கழக மாணவரைக் கூத்தாடச் செய்தமைக்கு ‘மனமே’ ஓர் உந்துதல். சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ அரக்கனை அவலத் தலைவனாக்கியது. அதுவும் ஒரு பழங்கதையின் மறுபடைப்பே. 1960களின் இறுதியில் அவ்வடிவமே ‘சங்கார’த்திலும் ‘கந்தன் கருணை’யிலும் சாதிக்கொடுமைக்கு எதிரான போராட்டத்தைச் சுமந்தது. வடிவம் யாருடையது, அதில் எப்பொருளை இடுவது என்று எம் முற்போக்கு விமரிசனம் அன்று நடத்திய விவாதம் வளமானது. ‘மனமே’யின் வடிவத்தைக் கண்டு நாம் கற்றோம், அதன் இளவரசியை நாமும் விசாரிக்கவில்லை, விடுவிக்கவுமில்லை.

விதிவிலக்காக ஒன்றைக் குறிப்பிடலாம். க. கைலாசபதியின் ‘அடியும் முடியும்’ (1970) நூலிலுள்ள ‘அகலிகையும் கற்பு நெறியும்’ என்னும் கட்டுரை, ஒரு பெண்ணின் கதை காலந்தோறும் மாறியமையைக் கற்புக் கோட்பாட்டின் சமூக வரலாற்றோடு சேர்த்து நோக்க முற்பட்டது. அம்முறையை மேடைக்கும், மேடையின் முன் அமர்ந்திருந்தோருக்கும் விரிக்க இடமுண்டு. அதற்கான மூலப்பொருள் இதே வளாகத்தில் கிடைக்கின்றது. இளவரசி வேடத்தை 1956இல் ஹேமமாலி குணசிங்க, திரிலீசியா குணவர்தன ஆகிய இருவர் மாறிமாறி ஏற்றனர். வாள் கைமாறும் கணத்தில் கையை எங்கே வைப்பது, முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வோர் இரவும் முடிவுசெய்தவர்கள் நடிகையரே. சுவைஞரின் தீர்ப்பைப் பதிவுசெய்த விமரிசனம் அந்த முடிவுகளுக்குத் தந்த இடம் மிகச் சிறிது.