திறந்த கதவும் புரியாத மொழியும்

கட்டணமில்லை, வயது வரம்பில்லை, சாதி கேட்பாரில்லை. உலகப் பெரும் பல்கலைக் கழகங்கள் வீடு தேடி வருகின்றன என்று முரசறைகிறார்கள். அறையட்டும்! கல்வி பிறப்பின் உரிமை என்று ஓதியவர்களின் காலடியில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த நமக்கு, அந்த ஓசை இனிக்கத்தான் செய்கிறது.

2011இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் கொடுத்தனர். மறு ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் போன்ற நிறுவனங்கள் எழுந்தன. இங்கோ, 2003இலேயே ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கியிருந்தன, 2017இல் இந்திய அரசு 'ஸ்வயம்' கொணர்ந்தது. வடமொழிப் பெயராயிற்றே என்று முகஞ்சுளிக்க மாட்டோம். சுயமரியாதை என்ற சொல்லை ஏந்தி வளர்ந்தவர்கள்தாமே நாம்!

பெயரன்று, பயனே நம் கேள்வி. விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளைப் பாருங்கள். கரும்புக் கொல்லையிலிருந்தும் மணிலாக் கொல்லையிலிருந்தும் பேருந்தேறி வரும் பிள்ளைகள்; பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழி பயின்றவர்கள். அந்த மாணவி கைபேசியைத் திறந்தால் பொழிவது பெரும்பாலும் ஆங்கில மழை. 1939இல் மதுரைக் கோயிற் கதவு திறந்தது. உள்ளே சென்றவன் செவியில் விழுந்ததோ அவனுக்குப் புரியாத மொழி! பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கோ பல இடங்களில் பணம் கட்டவேண்டும்.

முடிப்பவர் எத்தனை பேர்? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை, 2017-18இல் சேர்ந்தோரில் நூற்றுக்கு மூவரளவே முடித்தனர் என்கிறது. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் வளமான நாட்டினர். உண்டவனுக்கே மீண்டும் விருந்து!

1953இல் அரைநேரப் படிப்பு, அரைநேரம் அப்பன் தொழில் என்று திட்டம் வந்தது. போராடினோம், 1954இல் அது போயிற்று. அன்று தடுத்தவன் கண்ணுக்குத் தெரிந்தான். இன்று தடுப்பவர் எவருமில்லை. ஆகவே, "கதவு திறந்தேயிருந்தது, நுழையாதது உன் குறை" என்று அந்தப் பெண்ணிடமே பழியைத் தள்ளிவிடலாம். தலைவிதி என்றார்கள் அன்று. முயற்சியின்மை என்பார்கள் இன்று. பழைய கள், புதிய மொந்தை!

இன்னொன்றும் அஞ்சத்தக்கது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பயிலலாம் என 2021இல் பல்கலைக் கழக மானியக் குழு விதி செய்தது. ஆசிரியர் இடத்தை நிரப்பாது திரையைக் காட்டிவிட இதைவிட எளிய வழியுண்டோ? ஐயங்கேட்டால் திரை விடையளிக்குமா?

ஆயினும் இந்தக் கருவியை வீசியெறியச் சொல்லோம். ஒருவர் ஏட்டைப் படிக்கப் பத்துப்பேர் கேட்ட படிப்பகங்களிலே வளர்ந்தது நம் இயக்கம். தோழர்களே, ஞாயிறுதோறும் பத்து மாணவர் ஒரு திரைமுன் கூடட்டும். ஆங்கிலம் அறிந்த ஒருவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் விளக்கட்டும். தேர்வுக் கட்டணத்தை அரசு ஏற்கவேண்டுமெனக் கேட்போம். என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றின் உரைகள் தமிழில் எழுத்து வடிவம் பெற்றுள்ளன. முதல் ஞாயிறுக்கு அவை போதும்.