காட்சிப் பொருளாகிய காயம்

இறந்தாரின் உடலை எரித்தலும் புதைத்தலும் நாடுதோறும் நிலவும் வழக்கங்கள். இவ்விரண்டும் உடலைக் கண்ணினின்று மறைப்பவை. இவற்றுக்கு மாறாக, உடலைக் கெடாது பதப்படுத்திக் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பலர்க்குங் காட்டும் வழக்கமொன்று மேனாடுகளில் வளர்ந்துள்ளது. வைத்தியக் கல்லூரிகளின் கூடங்களிலே நிலைபெற்ற இவ்வழக்கம், இன்று மாநகர மண்டபங்களைக் கட்டணம் செலுத்திய மக்களால் நிரப்பும் பெருங் கண்காட்சியாக விரிந்துவிட்டது. இதனைக் கல்வியென்று போற்றுவாரும் உளர். இழிவென்று தூற்றுவாரும் உளர். இத்தகைய காட்சிகளை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மக்கள் இவற்றைக் காணத் திரள்வதற்கு வெறும் வேடிக்கை விருப்பமே காரணமென்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. தன் நெஞ்சினுள் இடையறாது துடிக்கும் உறுப்பை ஒருவன் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்ணாற் காண்பதில்லை. பாடநூலிலுள்ள படம் எத்துணைத் தெளிவாயினும் படமே. மெய்யான ஈரலையும் நரம்பையும் எதிரே காணும்போது, “இதுவே நான்” என்னும் அறிவும் “இதுவோ நான்” என்னும் திகைப்பும் ஒருங்கே எழுகின்றன. அந்த அறிவையும் திகைப்பையும் நாடுதல் மனித இயல்பு, அதிற் குற்றமில்லை. குற்றம் உண்டாயின், அதனைக் காண்பவன் கண்ணிலன்று, காட்டுபவன் அவ்வுடலைப் பெற்ற வழியிலேயே முதலில் தேடுதல் வேண்டும்.

இதனைத் தெளிவாக்க இலண்டன் மாநகரின் இரு உடல்களை ஒப்பிடுதல் பயன்தரும். ஒன்று ஜெரமி பெந்தம் என்னும் தத்துவ அறிஞருடையது. பெரும்பான்மையோரின் பெருநலமே ஒழுக்கத்தின் அளவை என்று கற்பித்த இவர், 1832ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தமது 84ஆம் வயதிற் காலமானார். தம் உடல் அறுத்து விளக்கப்படல் வேண்டும் என்றும், அதன்பின் என்புக்கூட்டுக்குத் தம் உடையை அணிவித்து நாற்காலியில் அமர்த்துதல் வேண்டும் என்றும் மரணசாசனத்தில் எழுதிவைத்தார். அவர்தம் நண்பரான சவுத்வூட் சிமித் என்னும் வைத்தியர் அவ்வாறே செய்தார். தலையைப் பதப்படுத்தும் முயற்சி தவறியமையால் மெழுகாலான தலையொன்று பொருத்தப்பட்டது. 1850ஆம் ஆண்டில் இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியை அடைந்த அவ்வுருவத்தை இன்றும் அங்கே காணலாம்.

இச்செயலைக் கிழவரொருவரின் விநோதமென்று நகைப்பது எளிது. ஆயின் அக்கால நிலையை நினைத்தல் வேண்டும். கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களே அன்று சட்டப்படி அறுப்பதற்குக் கிடைத்தன. எஞ்சிய தேவையைக் கல்லறை தோண்டும் பிணத்திருடர் நிறைவுசெய்தனர். அறுக்கப்படுதல் மரணத்தின் மேலுமொரு தண்டனையெனக் கருதப்பட்ட காலத்தில், அதனைத் தாமே விரும்பி ஏற்றுத் தண்டனையைக் கொடையாக மாற்றியவர் பெந்தம்.

மற்றையது அயர்லாந்தைச் சேர்ந்த சாள்ஸ் பேர்ண் என்பாருடையது. 1761ஆம் ஆண்டிற் பிறந்த இவர், ஏழரை அடிக்கு மேல் வளர்ந்து, இலண்டன் மக்களுக்குத் தம் உருவத்தைக் காட்டியே பிழைத்தார். 1783ஆம் ஆண்டில், 22ஆம் வயதில் இறந்தார். தம் உடல் வைத்தியர் கையிற் சிக்கலாகாது, கடலில் ஆழ்த்தப்படல் வேண்டும் என்பதே அவர் நண்பரிடம் விடுத்த வேண்டுகோள். ஆனால் பெயர்பெற்ற அறுவை வைத்தியரான யோன் ஹன்ரர் பணங்கொடுத்து அவ்வுடலைக் கைப்பற்றி என்புக்கூட்டைத் தம் சேகரிப்பிற் சேர்த்தார். ஹன்ரரின் பெயர் தாங்கிய நூதனசாலையில் அது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காட்சிக்கிருந்தது.

உயிரோடிருக்கையில் தம்மைத் தாமே காட்டிப் பொருளீட்டியவர், இறந்தபின் காட்டப்படுவதில் என்ன குறை என்று சிலர் வினவலாம். உயிரோடிருந்த பேர்ண் மாலையில் கதவைச் சாத்திக்கொள்ள வல்லவராயிருந்தார். இறந்த பேர்ணுக்குச் சாத்துதற்குக் கதவில்லை. வேறுபாடு இதுவே.

இதனினும் வலிய தடையொன்று உண்டு. 1909ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஹாவி குஷிங் அம்மண்டையோட்டை ஆராய்ந்து, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் கோளாறே அப்பெருவளர்ச்சிக்குக் காரணமெனக் கண்டார். 2011ஆம் ஆண்டில் அவர் பல்லிலிருந்து பெற்ற பரம்பரையலகை ஆராய்ந்த அறிஞர், அதே மாற்றம் வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பத்தாரிடமும் உள்ளதெனக் காட்டினர். நோயை முன்னரே அறிந்து தடுத்தற்கு இது துணையாகும். பேர்ணின் விருப்பம் நிறைவேறியிருந்தால் இவ்வறிவு கிட்டியிராது. ஆகவே ஹன்ரரின் செயல் பயனற்றதென்று கூறுதல் பொய்யாகும்.

எனினும், பயன் ஒருவன் தன்னுடையதைக் கொடுத்தற்கு நியாயமாகலாமேயன்றிப் பிறனுடையதை எடுத்தற்கு நியாயமாகாது. இந்த எல்லையைப் பெந்தமின் சார்பினரே காக்கத் தவறினர். அவர் இறந்த அதே ஆண்டில், அவர்களின் ஆதரவோடு நிறைவேறிய உடற்கூற்றுச் சட்டம், ஏழைகள் விடுதிகளில் இறந்து கேட்பாரற்றுக் கிடந்தோரின் உடல்களை அறுத்தற்கு வழிதிறந்தது. பிணத்திருட்டு ஒழிந்தது உண்மை. ஆயின் குற்றவாளிக்கு இருந்த தண்டனை வறியவன் தலையில் விழுந்தது.

இனித் தற்காலக் காட்சிகளை நோக்குவோம். ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் சர்வகலாசாலையில் குந்தர் வொன் ஹாகென்ஸ் என்பவர் 1977ஆம் ஆண்டிற் புதிய பதப்படுத்தும் முறையொன்றைக் கண்டுபிடித்தார். உடலிலுள்ள நீரையும் கொழுப்பையும் அசற்றோன் என்னும் திரவத்தால் நீக்குவர். பின் வெற்றிடத்தில் அத்திரவம் ஆவியாக வெளியேற, அதனிடத்தைச் சிலிக்கோன் போன்ற பொருள் நிரப்பி இறுகும். அவ்வுடல் அழுகாது, நாற்றமும் இராது. 1995ஆம் ஆண்டில் தோக்கியோவில் தொடங்கிய இவரது கண்காட்சி பல நாடுகளுக்கும் பரவிற்று. உடலை வழங்க இசைந்தோரைப் பதிவுசெய்யும் திட்டத்தையும் இவர் நடத்தினார். இவ்வகையில் இவர் பெந்தமின் பக்கத்தவர்.

ஆனால் இசைவு உரிமையைத் தருமேயன்றிச் சிறப்பைத் தராது. சதுரங்கம் ஆடுவோனாக அமர்த்தப்பட்ட உருவத்தில், சிந்திக்கும் மூளையிலிருந்து காய் நகர்த்தும் கைவரை நரம்புகள் ஓடுதலைக் காணலாம். அங்கே அமைப்பு அறிவுக்குத் துணைசெய்கிறது. பாயுங் குதிரைமேல் ஏற்றிய உருவமோ, பார்ப்போரை வியக்கவைக்கும் அளவுக்கு விளக்குவதில்லை. முன்னதில் உடல் ஆசிரியனாகிறது; பின்னதிற் சிற்பியின் களிமண்ணாகிறது.

இம்முறையைப் பின்பற்றிய பிறர் காட்சிகளிலோ இசைவே ஐயத்துக்குரியதாயிற்று. சீனாவிலிருந்து பெற்ற உடல்களைக் காட்டிய அமெரிக்க நிறுவனமொன்று, அவை மரணதண்டனை பெற்ற கைதிகளுடையவை அல்லவென்று தன்னால் உறுதிகூற இயலாது என அறிவிக்க 2008ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் உடன்படவேண்டியதாயிற்று. பிரான்சிலோ, இறந்தார் உடலை மதிப்போடும் மாண்போடும் நடத்துதல் வேண்டுமென்னும் சட்டம் 2008ஆம் ஆண்டில் எழுந்தது. அடுத்த ஆண்டிற் பாரிஸ் நகரில் அத்தகைய காட்சியொன்றை நீதிமன்றம் மூடுவித்தது.

இசைவு கேட்கப்படாது காட்டப்பட்டோரை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலனாகும். அவருட் பெரும்பாலோர் வறியோர், மாறுபட்ட உருவினர், அந்நியரால் ஆளப்பட்டோர். தென்னாபிரிக்காவிற் பிறந்து 1815ஆம் ஆண்டிற் பாரிசில் இறந்த சாரா பார்ட்மன் என்னும் பெண்ணின் எலும்புக்கூடு அந்நகர நூதனசாலையிற் காட்டப்பட்டது. 2002ஆம் ஆண்டிலேதான் தாய்மண்ணில் அவர் அடக்கம் பெற்றார். நம் ஈழநாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. எடின்பரோ சர்வகலாசாலையின் உடற்கூற்றுத் தொகுதியில் நூறாண்டுக்கு மேலாக இருந்த வேடர் குலத்தவரின் 9 மண்டையோடுகள் 2019ஆம் ஆண்டில் அக்குலத் தலைவரான ஊருவரிகே வன்னில அத்தோவிடம் மீள ஒப்படைக்கப்பட்டன. ஒரு குலத்தின் முன்னோர் பிறிதொரு நாட்டின் இலக்கமிட்ட பொருள்களாக இருந்த நிலை அன்று நீங்கிற்று.

2023ஆம் ஆண்டில் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது ஹன்ரர் நூதனசாலை பேர்ணின் என்புக்கூட்டைக் காட்சியினின்றும் நீக்கிற்று. ஆயின் அதனை ஆராய்ச்சிக்கென வைத்துக்கொள்வதாகவும் அறிவித்தது. இதனைப் பாதி நீதி எனலாம். பார்வையினின்றும் விடுதலை பெற்றவர்க்கு அவர் விரும்பிய கடல் வழங்கப்படவில்லை.

நம் மாணவரிற் பலர் நாளை வெளிநாடு சென்று இத்தகைய காட்சிகளைக் காணக்கூடும். காணவேண்டா என்று தடுத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஒவ்வொரு பேழையின் முன்னும் நின்று இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இவர் இங்கு இருக்க இசைந்தாரா? இசைந்தாராயின், இவர் கொடையால் நாம் ஏதேனும் அறிந்தோமா, அன்றி வாய்பிளந்து நின்றோமா? முதல் வினாவுக்கு விடை இல்லாத இடத்தில் இரண்டாம் வினாவுக்கு இடமே இல்லை. “வேண்டாம்” என்று கூறும் உரிமை நாவோடு அழிந்துவிடுவதன்று. அதனைக் காத்தல் வாழ்வோர் கடனாகும்.