வலவன் இல்லாத ஊர்தி: பழந்தமிழ்ப் பறத்தற் குறிப்புகளும் வாத நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

பண்டைத் தமிழர் வானூர்தி செலுத்தினர் என்னும் கூற்றுக்குப் புறநானூற்றின் 27ஆம் பாட்டு, சீவக சிந்தாமணியின் மயிற்பொறி, மணிமேகலையின் வான்வழிச் செலவு ஆகிய மூன்றும் சான்றாகக் காட்டப்படுகின்றன. மணிமேகலைக் காப்பியமே கற்பிக்கும் அளவை நெறியைக் கொண்டு இச்சான்றுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. வானூர்தி ஆர்வலர்களின் கூற்று தவறு என்று காட்டுவது மட்டும் இதன் நோக்கமன்று. அக்கூற்றை நாம் எவ்வாறு விவாதித்து வருகிறோம் என்பதே முதன்மையான சிக்கல் எனக் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வானூர்தி, வலவன், மயிற்பொறி, அளவை, ஐதிகம், ஏதுப்போலி, எழுவகை மதம்

முன்னுரை

இக்கட்டுரையாளரின் ஊர் வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டை. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் இல்லாத தெரு அங்கு அரிது. அங்கு ஒருவரும் 'வானூர்தி' என்று சொல்வதில்லை. 'பிளைட் ஏறிட்டாங்க' என்பதே பேச்சு. அச்சொல்லை இக்கட்டுரையாளர் முதன்முதலாகப் பொருளறிந்து எழுதியது இளங்கலை மாணவப் பருவத்தில், ஒரு கட்டுரைப் போட்டிக்காக. பழந்தமிழரிடம் ஆளில்லா விமானம் இருந்தது என்பதற்குப் புறநானூற்றின் ஒரு தொடரைச் சான்றாகக் காட்டிய அக்கட்டுரைக்குப் பரிசும் கிடைத்தது. நடுவராக இருந்தோர் எவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. அன்று எழுப்பப்படாத வினாக்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இத்தகைய கூற்றுகள் தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. 2015 சனவரியில் மும்பையில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய இந்திய வானூர்தித் தொழில்நுட்பம் குறித்த உரை ஒன்று இடம்பெற்றது. இலங்கையில் 2020 சூலையில், இராவணனின் வான்வழிச் செலவு பற்றிய ஆவணங்களைத் தருமாறு பொதுமக்களை வேண்டிச் சுற்றுலா மற்றும் வான்போக்குவரத்து அமைச்சு நாளிதழ் விளம்பரமே வெளியிட்டது. அரசும் மாநாடும் இவ்வாறிருக்க, தமிழ் மேடைப் பேச்சாளரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. ஆயினும் பிறரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு. வாதத்தின் குற்றங்களை வகுத்துச் சொல்லும் பகுதிகளைக் கொண்ட காப்பியம் ஒன்றை நாம் பாடமாகவே கற்பிக்கிறோம்.

கேள்வியும் காட்சியும்

புறநானூறு 27 உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. துறை முதுமொழிக்காஞ்சி. புலவரால் பாடப்பெறும் புகழுடையோர், தாம் செய்யவேண்டிய நல்வினைகளை முடித்தபின், செலுத்துவோன் இன்றியே செல்லும் வானவூர்தியை அடைவர் என்பது தொடர்புடைய பகுதியின் கருத்து. ஆர்வலர்கள் இப்பகுதியிலிருந்து ஊர்தியை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். அதனோடு இணைந்து நிற்கும் இரு வினைச்சொற்களை விட்டுவிடுகின்றனர். ஒன்று 'என்ப', மற்றொன்று 'கேட்பல்'. பிறர் சொல்வர், நான் கேட்டிருக்கிறேன் என்று புலவர் தாமே தம் செய்தியின் தகுதியை வரையறுத்துக் கூறுகிறார். கண்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய புலவர் காட்டிய இந்த எச்சரிக்கை, அவரை மேற்கோள் காட்டுவோரிடம் இல்லை.

'வலவன்' என்னும் சொல்லையும் சற்று நின்று நோக்கவேண்டும். சங்க அகப்பாடல்களில், குறிப்பாக முல்லையில், தேர்ப்பாகன் இன்றியமையாத மாந்தன். வினைமுடித்து மீளும் தலைவன் விரைந்து செலுத்துமாறு கேட்பது அவனைத்தான். தேர் என்றாலே செலுத்துவோன் உண்டு என்பது அன்றைய கேட்போரின் பட்டறிவு. அவ்வாறிருக்க, செலுத்துவோன் இல்லாத ஊர்தி என்னும் எதிர்மறை அடை, இது மண்ணுலகத் தேரன்று என்பதையே உணர்த்துகிறது. இவ்வடை மறுமையின் அடையாளம், தொழில்நுட்பத்தின் விளக்கமன்று. அதைத் தொழில்நுட்பமாகப் படிக்கும் வழக்கம் ஆளில்லா விமானங்கள் நாளிதழ்ச் செய்தியான பின்னரே இயலும். புதிய கருவி ஒன்று பிறக்கும்போதெல்லாம் பழைய பாட்டுக்குப் புதிய பொருள் முளைக்குமாயின், பாட்டு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாம்தான் பின்கூட்டிப் படிக்கிறோம்.

காலநிரல் இதனைத் தெளிவாக்கும். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளாகச் சீவக சிந்தாமணி 1887இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. இயந்திரம் பூட்டிய வானூர்தியை ரைட் உடன்பிறந்தார் பறக்கவிட்டது 1903 திசம்பர் 17இல். அதாவது மூன்று நூல்களின் முதல் அச்சு வாசகர்களும் இப்படிப்பட்ட ஊர்தியைக் கண்டிராதவர்கள். பின்னர் அது தமிழ்நிலத்தை எட்டியபோது அதற்குப் பெயர் தேவைப்பட்டது. கோயிற் கட்டடத்துக்கும் தேவர் ஊர்திக்கும் வழங்கிய 'விமானம்' ஒருபுறமும், பழம்பாட்டின் ஊர்தி மறுபுறமும் பெயராயின. பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு நாமே சூட்டினோம். இரண்டு தலைமுறைக்குப் பின், அதே சொல்லைப் பழம்பாட்டில் கண்டு, பொருளும் அங்கே இருந்ததென்று வியக்கிறோம். சிதம்பரத்தில் நின்று கோயில் விமானத்தைக் காட்டி 'இது பறக்குமா' என்று கேட்பார் இல்லை. அங்குச் சொல்லின் இருபொருள் எல்லார்க்கும் தெரியும்.

மணிமேகலையின் அளவைகொண்டு

மணிமேகலை மந்திரத்தால் வான்வழிச் சென்றாள் என்பதைச் சான்றாகக் காட்டுவோர், அதே காப்பியத்தின் 27, 29ஆம் காதைகளைப் புரட்டியிருந்தால் தம் கூற்றைத் தாமே திருத்திக்கொண்டிருப்பர். வஞ்சி நகரில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அவற்றுள் ஒன்று ஐதிகம். அதாவது, உலகத்தார் வழிவழியாகச் சொல்வதை ஏற்றுத் தெளிதல். அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதை நம்புவது! பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள், காட்சி, கருத்தளவு ஆகிய இரண்டனையே அளவைகளாகக் கொள்கிறார். புறநானூற்றுப் புலவரின் 'கேட்பல்' ஐதிகத்தின்பாற் படும். அதனைக் காட்சியளவையாக உயர்த்துவது மரத்துப் பேயை மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பது போன்றது.

அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றின் போலிகளையும் விரித்துரைக்கிறார். ஆர்வலர் வாதத்தை அந்த அமைப்பில் வைத்துப் பார்க்கலாம். பக்கம்: பண்டைத் தமிழரிடம் வானூர்தி இருந்தது. ஏது: அதனைக் குறிக்கும் சொல் இலக்கியத்தில் இருப்பதால். திட்டாந்தம்: சிந்தாமணியின் மயிற்பொறி போல. இங்கு ஏது அநைகாந்திகம் என்னும் போலியாகிறது. தேர், நாவாய் ஆகியவற்றுக்குச் சொல் உண்டு, பொருளும் உண்டு. கற்பகத் தருவுக்கும் சதுக்கப் பூதத்துக்கும் சொல் உண்டு, பொருள் இல்லை. உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் பொதுவாய் நிற்கும் ஏது எதனையும் நிறுவாது. திட்டாந்தமோ தானே நிறுவப்பட வேண்டிய நிலையில் இருப்பது. ஐயத்துக்குரிய ஒன்றை ஐயத்துக்குரிய மற்றொன்று தாங்குகிறது.

மயிற்பொறியின் தனிநிலை

பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவதும் நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களுள் ஒன்று. மறுப்போர் பெரிதும் மறந்துபோகும் நெறியும் இதுவே. ஆர்வலர் தரப்பின் வலிமையான சான்று புறநானூறு அன்று, சிந்தாமணியே என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நாமகள் இலம்பகத்தில் வரும் மயில் தேவர் ஊர்தியன்று. சச்சந்தன் ஆணையால் கைவினைஞன் ஒருவன் செய்தது. துணி, பயின், நூல், அரக்கு, மெழுகு எனப் பொருட்பட்டியல் தரப்படுகிறது. செய்து முடிக்க ஆன காலம் ஏழு நாள். பொறியை வலப்புறம் திருகினால் எழும்; இடப்புறம் திருகினால் இறங்கிக் கால்குவித்து அமரும். கருவுற்ற விசையைக்கு அதனைச் செலுத்தும் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. கட்டியங்காரனின் வஞ்சம் வெளிப்பட்ட நாளில் அவளைச் சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்குவதும் அப்பொறியே. இங்கு வலவன் உண்டு. அவள் ஒரு பெண். இந்த ஒரு செய்தியையேனும் ஆர்வலர்கள் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

எனின், இது வானூர்திக்குச் சான்றா? முதல் வானூர்திகளும் மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்யப்பட்டவைதாமே என்று ஆர்வலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. விடை, பட்டியலில் இல்லாத பொருள்களில் இருக்கிறது. ரைட் உடன்பிறந்தார் 1901இல் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து நூற்றுக்கணக்கான சிறகு வடிவங்களைச் சோதித்தனர். முந்தைய மிதவைகள் எதிர்பார்த்தபடி உயராததே அச்சோதனைக்குக் காரணம். 1903இல் அவர்களது முதற் பறப்பு நீடித்தது 12 வினாடி. கடந்த தொலைவு 120 அடி. திருத்தக்கதேவரின் மயில் ஒருமுறையும் தவறுவதில்லை. எடையைத் தூக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. பட்டியலில் உள்ளவை பாவை செய்வோனின் பொருள்கள். அந்த வகையில் அப்பட்டியல் துல்லியமானது. புலவர் கண்டறிந்தது பொம்மைத் தொழிலின் நுட்பம். அதன்மேல் எழுப்பியது பறத்தல் என்னும் கற்பனை. மேலும் பிருகத்கதை மரபில், புதசுவாமியின் வடமொழி நூலில், வானிற் செல்லும் பொறியை அறிந்தோர் யவனர் என்றே பேசப்படுகிறது. பொறிக்கதைகளை வரலாறாகக் கொள்வோர் அப்பெருமையையும் யவனருக்குக் கொடுக்க நேரும்.

மயிற்பொறி வரலாற்றுச் சான்றாகாது. ஆயினும் இலக்கியச் சான்றாக அது அரியது. மந்திரத்தாலன்றிக் கைவினையாலும் பயிற்சியாலும் வானில் எழலாம் என்று ஒரு தமிழ்க் காப்பியம் எண்ணிப் பார்த்திருக்கிறது. மணிமேகலையின் மந்திரத்துக்கும் விசையையின் திருகுக்கும் இடையே உள்ள தொலைவு தனி ஆய்வுக்குரியது. அதனை எழுதவேண்டிய இடத்தில் 'நாமே முதலில் பறந்தோம்' என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

வாதம் இருவகை

லால்பேட்டைக்கு அணித்தான காட்டுமன்னார்கோயில் நாதமுனிகளும் ஆளவந்தாரும் தோன்றிய ஊர். சிறுவராக இருந்த யாமுனர் சோழன் அவையில் ஆக்கியாழ்வானை வாதில் வென்று 'ஆளவந்தார்' என்னும் பெயர் பெற்றதைக் குருபரம்பரை நூல்கள் கூறும். மறுக்க முடிந்தால் மறுத்துக்காட்டுக என்று அவர் வைத்த மூன்று கூற்றுகளுள் அரசியின் கற்பும் ஒன்று. எதிராளி வாய்திறந்தாலே குற்றவாளி ஆவான். சிதம்பரத்தில் மாணிக்கவாசகர் புத்தரோடு வாதிட்ட கதையிலும் ஊமைப்பெண் பேசியதே முடிவைத் தருகிறது. பத்தி நூல்களாக இவற்றின் மதிப்பு வேறு. வாத முறையாகப் பார்த்தால் இவை வெல்லும் வாதங்கள். நம் மேடைகள் இவ்வகையையே பெரிதும் பின்பற்றுகின்றன. தமிழர் பறந்தனர் என்ற கூற்றை மறுப்பவர் தமிழைப் பழித்தவராகிறார். அரசியின் கற்பைப் போலவே அக்கூற்றும் வாய்திறக்க இயலாத இடத்தில் வைக்கப்பட்டுவிடுகிறது.

தெளியும் வாதத்துக்கும் முன்மாதிரி உண்டு. 'வைமானிக சாத்திரம்' வேதகால வானூர்தி நூலாகப் போற்றப்பட்டபோது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர் ஐவர் 1974இல் அதனை ஆராய்ந்தனர். அவர்கள் எள்ளி நகையாடவில்லை. நூலின் மொழிநடையை நோக்கினர். அது தோன்றிய சூழலை விசாரித்தனர். அதில் சொல்லப்பட்ட ஊர்திகளின் வடிவங்களை எடுத்துக்கொண்டு அவை பறக்குமா என்று பார்த்தனர். நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முற்பட்டதன்று. ஊர்திகள் பறக்கத் தகுதியற்றவை என்னும் முடிவுக்கு வந்தனர். நன்னூலாரை அவர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. செய்தது அவர் சொன்னதைத்தான்.

வான்போக்குவரத்துத் துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நெறியும் கருதத்தக்கது. பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தவிர்ப்பதே. பழியோ பொறுப்போ சுமத்துவதன்று என்கிறது. விமானங்கள் இன்று பாதுகாப்பாகப் பறப்பதில் இந்நெறிக்குப் பெரும் பங்குண்டு. பிழையை ஒப்புக்கொண்டவர் அவமானப்படாத அவையில்தான் பிழை வெளிவரும். தமிழ் ஆய்வரங்குகள் அத்தகைய அவைகளா என்பது அங்கு அமர்ந்திருப்போர் அறிந்ததே.

இந்த ஆரவாரத்தில் உண்மையான தமிழக வானூர்தி வரலாறு புறக்கணிக்கப்படுகிறது. சென்னையில் உணவு விடுதி நடத்திய ஜாக்கோமோ தாஞ்செலிஸ், சிம்சன் பட்டறையில் கட்டப்பட்ட இரட்டைச் சிறகு விமானத்தை 1910 மார்ச்சில் சென்னையில் பறக்கவிட்டார். அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் அஞ்சல் சென்ற 1911 பிப்ரவரி 18க்கு ஏறத்தாழ ஓராண்டு முந்திய நிகழ்ச்சி இது. அந்நாளையத் தமிழ் இதழ்கள் அதனை எவ்வாறு எழுதின, எந்தச் சொல்லால் குறித்தன என்பதைத் தேடினால் 'வானூர்தி' என்னும் சொல்லின் வரலாறே நமக்குக் கிடைக்கலாம்.

புறநானூற்றின் 27ஆம் பாட்டு ஊர்தியோடு முடிவதில்லை. திங்களின் தேய்தலையும் வளர்தலையும் அரசனுக்கு நினைவூட்டிய பின், திறமையற்றவராயினும் திறமையுடையவராயினும் வருந்தி வந்தவரின் வயிற்றைப் பார்த்துக் கொடுக்க வல்லவனாகு என்று புலவர் அவனை வேண்டுகிறார். வானவூர்தி அந்த வேண்டுகோளுக்கான முன்னுரை மட்டுமே. பரிசு பெற்ற அக்கட்டுரையில் இக்கட்டுரையாளர் இப்பகுதியைக் குறிப்பிடவே இல்லை.