துரைவீட்டுக் கொல்லைவாசல்

விக்டோரியா காலத்து லண்டன், பனிமூட்டம், காஸ் விளக்கு, மரியாதை குலையாமல் பேசும் கனவான்கள், நடுவே ஒரு பேய். இந்த மாதிரிக் கதைகளுக்கு இன்னைக்கும் கிராக்கி குறையவில்லை. தேடி அலைகிறவர்கள் முதலில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ படிக்கட்டும். 1886-இல் வந்த சின்னப் புத்தகம். ஒரு ராத்திரி போதும்.

‘எல்லா மனுசனுக்குள்ளும் நல்லதும் கெட்டதும்’ என்று வகுப்பறைகளில் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பிரதி அவ்வளவு சாது அல்ல. ஹைடைப் பார்த்தவர்களுக்கெல்லாம் பார்த்த மாத்திரத்தில் குமட்டுகிறது. என்ன கோளாறு என்று கேட்டால் ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. ஏதோ ஊனம் மாதிரி இருக்கு, எங்கேன்னு தெரியல. காரணம் காட்ட முடியாத இந்த அருவருப்பை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அதுக்காக ஹைடை நம்ம ஆளு என்று தோளில் தூக்க நான் வரவில்லை. எட்டு, பத்து வயசுப் பிள்ளையை மிதித்துக்கொண்டு போகிறவன், கிழவரைக் கைத்தடியால் அடித்தே கொல்கிறவன். ஆனால் செய்தது யாரு? ஜெக்கில் துரைதானே! படித்தவர், பணக்காரர், ஊர் மெச்சும் டாக்டர். அக்கிரமம் பண்ண ஆசை வந்ததும் அதுக்கென்று தனியாக ஒரு உடம்பு செய்துகொள்கிறார். அந்த உடம்பு எப்படிப்பட்டது? குட்டை. ஒருநாள் காலையில் விழித்துப் பார்க்கிறார், போர்வைமேல் கிடக்கிற கை அவருடைய பெரிய வெள்ளைக் கை இல்லை. நரம்போடி, மங்கலாகக் கறுத்து, மயிர் அடர்ந்த கை. குற்றம் துரையுடையது, கறுப்பு மட்டும் கீழே இருக்கிறவனுடையது. குடியிருக்க ஹைடுக்கு சோஹோவில் ஒரு இடம் பார்த்துக் கொடுத்ததும் இவரே.

வீடும் அப்படித்தான். முன்வாசல் கௌரவமான சதுக்கத்தில். பின்வாசல் சந்தில்: பெயிண்ட் உரிந்து, மணியில்லாமல், தட்ட வளையமில்லாமல், நாடோடிகள் தீக்குச்சி உரசுகிற கதவு. மிதிபட்ட பிள்ளையின் குடும்பத்துக்கு நூறு பவுன் இழப்பீடு அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது. பத்து பவுன் தங்கக் காசு, மிச்சத்துக்குச் செக். கையெழுத்து துரையுடையது.

வேலைக்காரர்களைக் கவனியுங்கள். கொலையைக் கண்ணால் பார்த்த வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயர்கூட வைக்கவில்லை ஆசிரியர். அறைக்குள்ளே இருப்பது எஜமான் இல்லை என்று துணிந்து சொல்கிறவர் இருபது வருசம் ஊழியம் செய்த பூல். கடைசி ராத்திரியில் வேலைக்காரர் அத்தனை பேரும் பயந்துபோய்க் கணப்படுப்புப் பக்கம் ஆட்டுமந்தை மாதிரி ஒண்டி நிற்கிறார்கள். வந்து சேர்ந்த வக்கீல் அட்டர்சன் முதலில் செய்வது, இது ஒழுங்கா, எஜமான் பார்த்தால் பிடிக்குமா என்று அவர்களை அதட்டுவது. உள்ளே ஒருத்தன் செத்துக்கொண்டிருக்கிறான், இவருக்கு வேலைக்காரர் நிற்கிற இடம்தான் உறுத்துகிறது. புத்தகத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்திய இடம் இதுதான், மருந்தும் மாற்றமும் அல்ல.

ஒன்பது வருசம் கழித்து, 1895-இல், எச்.ஜி.வெல்ஸின் ‘கால இயந்திரம்’. வெல்ஸின் அம்மா அப்பார்க் மாளிகையில் வேலைக்காரர்களுக்கு மேற்பார்வைக்காரி. அங்கே வேலையாட்கள் போய்வரத் தரைக்கடியில் சுரங்கப்பாதை உண்டு. அதைத் தெரிந்த பிள்ளை எழுதிய கதையில் உழைத்தவர்களின் சந்ததி பூமிக்கடியில் இருட்டில் கிடந்து, மேலே இருக்கிறவர்களைத் தின்கிறது. யார் யாரைக் கீழே தள்ளினார்கள் என்பது கதைசொல்லிக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகும் அவர் மனசு மேலே இருக்கிற அழகான முகங்களோடுதான். இரும்புத்தடி கையில் கிடைத்ததும், கீழே இருக்கிறதில் ஒன்றிரண்டையாவது கொன்று பார்க்க அவருக்கு ஆசையாக இருக்கிறது.