மிட்டாய் ஞாபகங்களின் அரசியல்

1

கொஞ்ச காலமாக ஒரு வகை எழுத்து தமிழில் பெருகிக் கிடக்கிறது. கமர்கட்டு, தேன்மிட்டாய், ஏணிப்படி மிட்டாய், சவ்வுமிட்டாய், கோலி சோடா, சேமியா ஐஸ் என்று பட்டியல் போட்டு, 'அதெல்லாம் ஒரு காலம்' என்று பெருமூச்சோடு முடிகிற எழுத்து. பத்தியாக வருகிறது, தொடராக வருகிறது, புத்தகமாகவும் வருகிறது. கடைக்காரர்கள் எழுத்தாளர்களைவிடச் சுறுசுறுப்பு. '90ஸ் கிட்ஸ் மிட்டாய்' என்று அட்டைப்பெட்டியில் அடைத்து ஞாபகத்தையே விற்கிறார்கள். இதில் கணிசமான சரக்கு கரிசல் என்ற பெயரில் போகிறது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் என்ற முறையில் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஞாபகம் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஞாபகத்தை விட்டால் வேறு ஆவணம் பல நேரம் கிடையாது. இந்தப் பிரதிகள் எதை ஞாபகம் வைத்துக்கொள்கின்றன, எதை மறக்க ஏற்பாடு செய்கின்றன என்பதே கேள்வி.

இவற்றில் 'நாம்' என்றொரு தன்னிலை பேசுகிறது. இந்த 'நாம்' எல்லாருக்கும் ஒரே பள்ளிக்கூட வாசல், ஒரே பெட்டிக்கடை, கையில் அஞ்சு பைசா. அந்த அஞ்சு பைசா எங்கிருந்து வந்தது? அதைப் பற்றிப் பேச்சில்லை. கரிசல் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குக் காசு கண்ணில் படுவதே அபூர்வம். பருத்தி வெடிக்கிற காலத்தில் மிட்டாய்க்காரர் தலைச்சுமையோடு ஊருக்குள் வருவார். பருத்தியைக் கொடுத்து மிட்டாய் வாங்குவோம். அது அம்மாவுக்குக் கூலியாகக் கிடைத்த பங்கிலிருந்து எடுத்த பருத்தி. இல்லாவிட்டால் எடுத்து முடிந்த காட்டில் நாங்களே குனிந்து பொறுக்கியது. ஒரு மடிப் பருத்திக்கு எத்தனை மிட்டாய் என்பதைத் தராசு பிடித்தவர்தான் தீர்மானிப்பார். வெயில், முதுகு, தராசு மூன்றையும் தாண்டித்தான் இனிப்பு நாக்குக்கு வந்தது. ஏக்க எழுத்தோ நாக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

2

அடுத்தது மேலுறை மோகம். மிட்டாய்த் தாள், கலர் பாட்டில் லேபிள், தீப்பெட்டிப் படம் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, என்ன அழகான அச்சு, என்ன வண்ணம் என்று வியக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகுதான். ஆனால் அந்த வண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தா போய்க் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது; அச்சகங்கள் வளர்ந்தன. தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மானாவாரிக் காடு கைவிட்டபோது சம்சாரி வீடும் கூலிக்காரர் வீடும் தீப்பெட்டி ஆபீசை நம்பின. விடியுமுன்னே பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், லேபிள் ஒட்டினார்கள். இத்தனைக்கு இவ்வளவு என்று கூலி.

பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் வாங்கிய பால்யமும் இதே ஊர்களில், இதே வருஷங்களில்தான் நடந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை 1990இல் எடுத்தார். சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். தொண்ணூறுகள் என்றாலே மிட்டாய் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கோப்பையும் ஒருதரம் புரட்டலாம்.

கரிசல் இலக்கியத்துக்கு இது தெரியாத விஷயமில்லை. கி.ரா.வின் 'கதவு' கதையில் தெருவில் கிடைத்த ஒரு தீப்பெட்டிப் படத்தைப் பிள்ளைகள் வீட்டுக் கதவில் ஒட்டிச் சந்தோஷப்படுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவே கழற்றிக்கொண்டு போகப்படுகிறது. படமும் பாக்கியும் ஒரே பலகையில் இருக்கின்றன. பூமணி 'கருவேலம்பூக்கள்' படத்தைத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளை வைத்தே எடுத்தார். பின்னால் வந்த ஏக்கக்காரர்கள் கி.ரா.விடமிருந்து பலகாரத்தை எடுத்துக்கொண்டு தீர்வை பாக்கியை விட்டுவிட்டார்கள்.

3

பிளாஸ்டிக் பாக்கெட் வந்து எல்லாம் கெட்டது, அந்தக் காலத்தில் கைமணம் இருந்தது என்பது இன்னொரு புலம்பல். எந்தக் கை, யாருடைய கையில் வைத்தது? டீக்கடையில் தனிக் கிளாஸ் இருந்த ஊர்களில்தான் பெட்டிக்கடையும் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் காசைப் பலகையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கணும். பண்டம் மேலேயிருந்து கைக்குள் விழும். கைபடாமல் போடுவதில் கடைக்காரர் கெட்டிக்காரர்.

அந்த வாசலில் நின்றவர்களுக்குச் சரமாகத் தொங்கிய பாக்கெட் வேறொரு அர்த்தம் தந்தது. எங்கேயோ ஓர் இயந்திரம் அடைத்தது. எல்லாருக்கும் ஒரே எடை, ஒரே விலை, ஒரே தாள். பன்னாட்டு முதலாளி சாதியை ஒழித்தான் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். பாக்கெட்டும் அதே கடையில்தான் தொங்கியது, குப்பையும் நம் ஓடையில்தான் சேர்ந்தது. கைமணம் என்றால் எல்லாருக்கும் ஒரே மணம் வராது, அவ்வளவுதான்.

மிட்டாய், கலர், தீப்பெட்டி மூன்றிலும் வேறொரு சாதி வரலாறும் இருக்கிறது. 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் வன்முறையைச் சந்தித்த நாடார் சமூகம் வணிகத்தின் வழியே நிமிர்ந்தது. காளிமார்க் 1916இல் விருதுநகரில் தொடங்கப்பட்டது. நேற்று கோவிலுக்குள் விடப்படாதவர்களின் எழுச்சியும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களைத் தள்ளி நிறுத்திய கடைவாசலும் ஒரே தெருவில் இருந்தன. 'பாரம்பரியச் சுவை' என்ற சொல் இரண்டையும் சேர்த்து மூடிவிடுகிறது.

4

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷந்தான். கரிசல் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று ருசிக்குக் காரணம் சொல்கிறார்கள். கடலையே தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி வழியாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய பணப்பயிர். கருப்பட்டிப் பாகு வெல்லப்பாகு ஆனதும் போன நூற்றாண்டில்தான். பாரம்பரியம் இப்படி மாறிமாறி வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது பெயரையும் இடத்தையும்தான். கொதிக்கிற பாகு முன்னால் நிற்பவருக்கும் பாக்கெட் போடும் பெண்ணுக்கும் என்ன கூலி என்று அது கேட்காது.

தாமிரபரணித் தண்ணீருக்கும் இதே கதை. 1977இல் நாட்டைவிட்டுப் போன கோக் 1993இல் திரும்பி வந்து கோல்டுஸ்பாட்டை வாங்கியது. பிறகு கங்கைகொண்டான் சிப்காட்டில் அதே ஆற்றுத் தண்ணீர் பாட்டிலுக்குள் போனது, மக்கள் போராடினார்கள். 2016 நவம்பரில் குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் தர இடைக்காலத் தடை. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. மறுநாளே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழக்குகளைத் தள்ளுபடி செய்து தடையை நீக்கியது. அந்த நாட்களில் நம்மூர் கலர் பற்றிய பால்ய ஞாபகங்கள் பொங்கி வழிந்தன. எந்த பாட்டிலைக் குடிப்பது என்ற பேச்சில், ஆற்றுத் தண்ணீர் வயலுக்கா ஆலைக்கா என்ற கேள்வி அமுங்கிப்போனது. ஏக்கம் பிராண்டை மாற்றித் தரும். ஆற்றை மீட்டுத் தராது.

மிட்டாய் பற்றி எழுத வேண்டும் நண்பர்களே, இன்னும் நிறைய எழுத வேண்டும். காசு யார் உழைப்பு, தாளை ஒட்டியது யார் விரல், கடைவாசலில் யார் எவ்வளவு தூரத்தில் நின்றது, எந்த ஆற்றுத் தண்ணீர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். விடியக்கருக்கலில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஏறிய பிள்ளைகள் பலருக்கு இன்று ஐம்பது வயது ஆகிறது. அவர்களுக்கும் பிடித்த மிட்டாய் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்டு எழுதின பிறகு 'நாம்' என்று சொல்லிக்கொள்ளலாம்.