விட்டதைப் பிடிக்காத ஆட்டக்காரர்

இரண்டு குண்டு. இரண்டும் தவறினால் ஒரு கணம் ஸ்கோப்பில் பார்ப்பார். பிறகு கட்டைவிரலால் ரைஃபிளின் சேஃப்டியைப் போட்டு, சுட்டு முடித்த துப்பாக்கிக்கான டம்ப் பேரலுக்குள் நிதானமாக இறக்கிவிட்டு, பிஸ்டலை உருவிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார். 250 கெஜத்துக்கு அப்பால் அந்த ஸ்டீல் தட்டு அடிபடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பின்னால் நிற்கும் ஸ்குவாடில் யாராவது உச்சுக் கொட்டுவார்கள்.

ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் என்று மாறி மாறிச் சுடும் அமெரிக்க உள்ளூர் கிளப் மல்டிகன் போட்டிகளைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு இந்த மாதிரி ஆட்டக்காரரைத் தெரியும். நான் பேசும் இவருக்குப் பெயர் வேண்டாம். பெயர் போட்டால் விவாதம் ஆளைப் பற்றியதாகிவிடும். இவர்மீது வழக்கமாக மூன்று குற்றச்சாட்டுகள். தூரத்துச் சுடுதல் வராது. சீக்கிரம் கைவிடுகிறார். விதியின் சந்துபொந்துகளில் புகுந்து ஜெயிக்கிறார். மூன்றும் தவறு என்பது என் கட்சி. ஸ்கோரிங் முறையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு டைமர் முன்னால் நிற்கும் மிகச் சிலரில் இவர் ஒருவர்.

எடுத்த நேரத்தோடு பெனால்டி விநாடிகளைக் கூட்டும் டைம்-பிளஸ் முறையில் ஒரு தட்டை அடிக்காமல் விட்டால் அதற்கு ஒரு விலை உண்டு. கிளப்புக்குக் கிளப் மாறும். 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் குறி சரிசெய்து ஒரு முறை சுட 2 விநாடி ஆகிறது. இரண்டில் ஒன்று படும் என்ற நிலையில் இருந்தால் தட்டின் விலை சராசரியாக 4 விநாடி. தாராளமாகச் சுடலாம். ஆறில் ஒன்றுதான் படும் என்றால் விலை 12 விநாடி. அப்போது 10 விநாடிப் பெனால்டிதான் மலிவு. இது வரை பள்ளிக்கூடக் கணக்கு. ஸ்குவாடில் பாதிப் பேருக்கு வாக்-த்ரூவின்போதே இது தெரியும். பீப் ஒலித்த பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை.

நினைவு போவதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு குண்டு செலவழித்தவருக்கு ஐந்தாவதை விட மனம் வராது. பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நின்றவர், இவ்வளவு நேரம் நின்றாயிற்றே என்று காலி ஆட்டோவை அனுப்பிவிடுவாரே, அந்தப் புத்திதான். செலவான நேரம் செலவானதுதான். அடுத்த குண்டு பட வாய்ப்பு எவ்வளவு என்பது மட்டுமே கேள்வி. சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்கப் போனவன் கதை நமக்குப் புதிதா என்ன?

பிஸ்டல் பழக்கமும் சேர்ந்து கெடுக்கிறது. 1976இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியாவில் பிறந்த சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.பி.எஸ்.சி.யின் வழியில் வந்த கைத்துப்பாக்கிப் போட்டிகளில் வளர்ந்தவர்கள் பலர் மல்டிகனுக்கு வருகிறார்கள். பத்து கெஜத்தில் ஒரு குண்டு தவறினால் இன்னொன்று போட அங்கே கால் விநாடி போதும். அதனால் தவறியதை உடனே ஈடுகட்டு என்று கை பழகியிருக்கிறது. அதே கை 250 கெஜத்தில் ஒவ்வொரு முறையும் 2 விநாடி கொடுத்து ஈடுகட்டப் பார்க்கிறது.

அந்தப் போட்டிகளின் ஹிட் ஃபாக்டர் முறையும் விட்டுவிடாதே என்று சொல்வதில்லை. புள்ளிகளை நேரத்தால் வகுப்பது அங்கே வழக்கம். ஒரு மிஸ் என்றால் கிடைக்க வேண்டிய 5 புள்ளி போய், மேலும் 10 கழியும், மொத்தம் 15. ஹிட் ஃபாக்டர் 5 ஆக இருக்கும் ஸ்டேஜில் அதன் விலை 3 விநாடி. 10 ஆக இருக்கும் ஸ்டேஜில் ஒன்றரை விநாடி. ஸ்டேஜ் எவ்வளவு வேகமானதோ அவ்வளவுக்கு ஒவ்வொரு விநாடியும் விலை உயர்ந்தது. இதைச் சரளமாகச் சொல்லத் தெரிந்தவரே ரைஃபிளைத் தோளில் வைத்ததும் மறந்துவிடுகிறார்.

நம் ஆள் குண்டுகளை எண்ணி விடுகிறார் என்று நினைப்பதும் தப்பு. சில சமயம் இரண்டில் விடுவார். சில சமயம் ஐந்து வரை போவார். மனநிலையைப் பொறுத்தது என்று சொல்வார்கள். கூர்ந்து பாருங்கள். தவறிய குண்டு எங்கே விழுந்தது என்று தெரிந்தால் நின்று சுடுகிறார். தெரியாவிட்டால் விடுகிறார். தட்டுக்கு இடது பக்கம் புழுதி எழுந்தது கண்ணில் பட்டால் அடுத்த குண்டின் வாய்ப்பு கூடிவிட்டது. கொஞ்சம் வலது பிடித்தால் போதும். எதுவும் தெரியவில்லை என்றால் அடுத்த குண்டும் முந்தைய குண்டைப் போலத்தான். இருட்டில் இன்னொரு முறை கை நீட்ட அவர் தயாரில்லை.

அதனால்தான் ஊருக்கு ஊர் அவர் ஆட்டம் மாறுகிறது. அரிசோனா, நெவாடா பக்கத்துக் காய்ந்த மண்மேட்டில் ஒவ்வொரு தவறும் புழுதியாக எழும்; அங்கே அவர் பிடிவாதக்காரர். ஒஹாயோவில் மழைக்குப் பிறகு புல் மூடிய ஈர மேட்டில் குண்டு சுவடில்லாமல் புதையும். அங்கே அவரைக் கைவிடுபவர் என்கிறார்கள். ஆள் ஒருவர்தான், மண்தான் வேறு.

காதை நம்பலாமே என்று கேட்பீர்கள். அந்தத் தூரத்துக்குக் குண்டு போய்ச் சேர்ந்து, தட்டின் ஓசை திரும்பி வர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. காதில் பாதுகாப்புக் கவசம், பக்கத்துச் சுடுதளத்தில் (பே) ஷாட்கன் முழக்கம். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் கண் வைத்திருக்கும் ரேஞ்ச் ஆபீசர் (ஆர்.ஓ.) ‘ஹிட்’ என்று கூவுவதும் அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் அவசரக்காரர்கள் பட்ட தட்டையே இன்னொரு முறை சுடுகிறார்கள். இவர் சுட்டதும் ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுப்பதில்லை. மந்தமாக ஆடுகிறார் என்று நாம் சொல்வது இந்தப் பார்வையைத்தான்.

தட்டோடு சண்டை போட்டுத் தோற்பவர்களின் கதை இதோடு முடிவதில்லை. எட்டுக் குண்டு வீணாக்கிய எரிச்சலில் ரைஃபிளை டம்ப் பேரலில் எறிந்துவிட்டு ஓடுகிறவர் சேஃப்டி போட மறந்தால் டி.கியூ., அதாவது தகுதிநீக்கம். அன்றைய போட்டி முடிந்தது. மீதி நாள் முழுக்க அட்டை இலக்குகளின் ஓட்டைகளில் பேஸ்டர் ஒட்டலாம். டம்ப் பேரலைப் பார்த்துத் திரும்பும் அவசரத்தில் குழல்முனை 180 டிகிரிப் பாதுகாப்புக் கோட்டைத் தாண்டினாலும் அதே கதி. ஸ்டேஜுக்கு 120 விநாடி உச்ச வரம்பு வைக்கும் கிளப்புகளில் ஒரு தட்டோடு மல்லுக்கட்டி நேரத்தைக் கரைத்தவர், எளிதான பிஸ்டல் இலக்குகளைத் தொடாமலேயே நின்றுபோய், ஒவ்வொன்றுக்கும் பெனால்டி வாங்குகிறார்.

இனி அந்த மூன்றாவது குற்றச்சாட்டு. சுட மனமில்லாத தட்டைப் பார்த்துப் பெயருக்கு ஒரு குண்டு அனுப்பிவிட்டு ஓடுவது விளையாட்டா என்று கொதிக்கிறார்கள். பல விதிப்புத்தகங்களில் ஒரு இலக்கைச் சுடாமலேயே விட்டால் மிஸ்ஸுக்கு மேல் தனிப் பெனால்டி உண்டு. அதைத் தவிர்க்கத்தான் அந்த ஒற்றைக் குண்டு. எனக்கும் பார்க்க அழகாக இல்லை. ஆனால் கேள்வியை யாரிடம் கேட்கிறோம்? சராசரி ஆட்டக்காரருக்கு 12 விநாடி பிடிக்கும் தட்டுக்கு 5 விநாடிப் பெனால்டி வைத்தால், அந்தத் தட்டை விடு என்று அழைப்பு அனுப்பியது மேட்ச் டைரக்டர். விலையைத் தப்பாகப் போட்டுவிட்டு வாங்கியவனைத் திட்டக் கூடாது.

மேட்ச் டைரக்டர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. முந்தின நாளே வந்து ஸ்டீல் தூக்கி, சுவர் நட்டு, மறுநாள் காலையில் ஸ்குவாட் பிரித்து, மாலையில் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றுபவர்கள் அவர்கள். பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. பக்கத்து பே சத்தத்தைத் தன் ஸ்டேஜின் கடைசிக் குண்டாக டைமர் பதிவு செய்துவிட்டதா என்று ஆர்.ஓ. தலையைச் சொறிவது தனி வேதனை. இவ்வளவு செய்பவர்கள் இன்னும் ஒரு காரியம் செய்யலாம். ஸ்டேஜ் அமைத்ததும் நடுத்தர ஆட்டக்காரர் ஒருவரை அந்தத் தட்டைச் சுடவிட்டு, எவ்வளவு நேரமாகிறது என்று டைமரில் பார்த்துவிட்டுப் பெனால்டியைத் தீர்மானிக்கலாம்.

நம் தவறான வாசிப்புக்கு ரிசல்ட் பட்டியலும் துணைபோகிறது. சாமான்களை லாரியில் ஏற்றுவதற்குள் டேப்லெட்டிலிருந்து பிராக்டிஸ்கோர் வழியாக ரிசல்ட் போனுக்கு வந்துவிடுகிறது. எல்லோர் கண்ணும் முதலில் போவது ஸ்டேஜ் வெற்றிகளுக்கு. அடுத்து பெனால்டி கட்டத்துக்கு. நம் ஆளிடம் முதலாவது அநேகமாக இருக்காது, இரண்டாவது நிச்சயம் இருக்கும். மொத்தத்தில் மேலே நிற்பதை அதிர்ஷ்டம் என்று முடித்துவிடுகிறோம்.

ஸ்டேஜுக்கு 100 புள்ளி என்ற முறை இந்த மயக்கத்தை வளர்க்கிறது. வென்றவர் 25 விநாடியில் முடித்த ஸ்டேஜை நீங்கள் 35இல் முடித்தால் 71 புள்ளி. இன்னும் 10 விநாடி சொதப்பி 45 ஆனால் 56 புள்ளி. முதல் பத்து விநாடிக்கு 29 புள்ளி பறித்த முறை, அடுத்த பத்துக்கு 15 மட்டுமே பறிக்கிறது. அதாவது ஒரு முறை சறுக்கியவன் மேலும் சறுக்கினால் தள்ளுபடி. மொத்த நேரத்தைக் கூட்டும் கிளப்பில் அந்தச் சலுகை இல்லை. உச்ச வரம்பைத் தொடும் வரை ஒவ்வொரு விநாடிக்கும் ஒரே விலை. நீண்ட ஸ்டேஜ் ஒன்றே போட்டியைத் தீர்மானித்துவிடும் என்ற குறை அதில் உண்டு. இருந்தாலும் எனக்கு மொத்த நேர முறைதான் பிடிக்கும். நல்ல முடிவுக்கும் கெட்ட முடிவுக்கும் உள்ள தூரத்தை அது மறைக்காமல் காட்டுகிறது.

இனி ஆரூடம். வரும் சீசனில் மொத்த நேரம் கூட்டும் ஏதாவது ஒரு கிளப்பில் இவர் ஒரு ஸ்டேஜ்கூட வெல்லாமல் டாக்டிகல் டிவிஷனை எடுப்பார். உடனே இரண்டு குண்டு சுட்டுவிட்டு ஓடும் நகல்கள் கிளம்புவார்கள். புழுதியைப் பார்க்கக் கற்காததால் அவர்கள் விட வேண்டாத தட்டையெல்லாம் விட்டுத் தோற்பார்கள். பிறகு கிளப்புகள் எரிச்சலில் தூரத்துத் தட்டின் பெனால்டியை இரட்டிப்பாக்கும். இவரை அடக்கிவிட்டோம் என்று எல்லோரும் நினைக்கும் அந்த மாதத்தில் இவர் நின்று ஏழு குண்டு சுடுவார். பட்டதும் விளக்கு எரியும் கருவிகள் தூரத்துத் தட்டுகளில் பரவலானால் ஓசைக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு விநாடி எல்லோருக்கும் மிச்சமாகும். ஆனால் விளக்கு பட்டதைத்தான் சொல்லும். தவறியது எங்கே போனது என்று சொல்லாது. இவருடைய மேன்மை அப்போதும் குறையாது.

உள்ளூர் மல்டிகனில் மூன்று துப்பாக்கியும் நீடிக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம். ஷாட்கனில் நான்கு நான்காகத் தோட்டா ஏற்றும் வித்தையைக் கற்கப் புதியவர்களுக்குப் பொறுமையில்லை. ரைஃபிளும் பிஸ்டலும் மட்டுமான இரண்டு-கன் போட்டிகளே உள்ளூர் நாட்காட்டியை நிரப்பும் என்று நினைக்கிறேன். அப்படி ஆனால் ரைஃபிள் முடிவுகளின் எடை இன்னும் கூடும்.

வாசகர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த ரிசல்ட் வரும்போது பெனால்டி கட்டத்தைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பெனால்டி இல்லாமல் முடித்தவர் எத்தனை விநாடி கூடுதலாகச் செலவழித்தார் என்று பக்கத்துக் கட்டத்தில் பாருங்கள். இரண்டையும் கூட்டிய பிறகு யார் கைவிட்டவர் என்று சொல்லுங்கள்.