பெட்டிக்குள் இருந்த மரப்பாச்சி

பழைய பெட்டியைத் திறந்ததும் நம் கவிஞர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. பம்பரம், செப்புச் சாமான், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி. பட்டியல் முடிந்ததும் கவிதையும் முடிந்துவிடும். பொருளுக்கென்று வேலை கிடையாது. எழுதுகிறவரின் ஏக்கத்துக்குச் சாட்சி சொன்னால் போதும்.

குரங்கணியிலிருந்து மலையேறினால் டாப் ஸ்டேஷன். மூணாறுத் தேயிலையைக் கீழே இறக்கிய கம்பிவடத்தின் மேல்முனை என்பதால் வந்த பெயர். மேலேயிருந்த ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று, வடமும் இன்றில்லை. பெயரை வைத்துக்கொண்டு சுற்றுலா நடக்கிறது. பெட்டிக் கவிதைகளும் இந்த ரகம்தான்.

அதே தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியிலிருந்து எழுதும் உமா மகேஸ்வரியின் 'மரப்பாச்சி' கதை வேறு. நைந்த செய்தித்தாளைப் பிரித்து அப்பா பழைய பொம்மையை நீட்டுகிறார். அவர் ஞாபகம் அதோடு சரி. பிறகு அது சிறுமி அனுவுடையது. இதைப் பால்ய நினைவுக் கதையாகப் படிப்பவர்கள் அப்பாவோடு நின்றுவிடுகிறார்கள். (உவமைகள் சற்று அதிகம், சிலவற்றை எடுத்திருக்கலாம்.) அனுவின் வயதோடு பொம்மையும் மாறுகிறது. உறவுக்காரர் ஒருவரின் கை அவள்மேல் பட்டபின் அந்தக் கட்டை பழைய கட்டையாக இல்லை. கல்யாணச் சீரிலும் கொலுப்படியிலும் ஆணும் பெண்ணுமாக ஜோடியாய் நிற்கும் மரப்பாச்சி இங்கே ஒற்றையாக, அவளோடு மட்டும் இருக்கிறது.